கயிறு நிற்காத வீரன்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை அதிரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். அவன் பொழுதெல்லாம் கதைப்பகடை என்ற ஆட்டத்திலேயே போனது.

அமைச்சர் மருதாயி ஒரு கதை சொல்வாள். மற்றவர்களுக்கு அதில் ஆளுக்கொரு வேடம். ராஜா வீரன், சேனாதிபதி கொற்றவேள் மந்திரவாதி, ராணி வைத்தியச்சி, சமையற்காரன் சோணையன் ஒல்லித் திருடன். "குறுக்கே புலி வருது, என்ன பண்றீங்க?" என்பாள் மருதாயி. பகடையில் பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்னது விழுந்தால் புலி கடிக்கும். நல்ல ஆட்டம்தான், இந்த ராஜாவோடு ஆடாதவரை!

புலி கடித்தது. ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வீரனைப் புலி கடிக்காதுன்னு விதியை மாத்து!" மாற்றினாள். தீ சுட்டது, அதற்கொரு வரம். வாள் வெட்டியது, இன்னொரு வரம். அட, இவனோடு மாரடிக்க முடியுமா?

இதைத் தூபம்போட்டு வளர்த்தவன் கொற்றவேள். மருதாயியின் பதவிமேல் அவனுக்கு அப்படியொரு கண். கதையில் கள்ளர்கள் வீரனைக் கட்டிப்போட்ட அன்று, "எந்தக் கயிறும் மன்னர்மேல் நிற்கக் கூடாது, தானாக நழுவி விழணும்" என்றான். சந்தடிசாக்கில் தன் மந்திரவாதிக்கும் அதையே வாங்கிக்கொண்டான்.

அப்புறம் என்ன ஆட்டம்? யாருக்கும் காயமே இல்லை, ராணி உட்கார்ந்து தலை சிக்கெடுத்தாள். திருடன் பூட்டைத் திறக்கும் முன்பே வீரன் கதவை உதைத்துவிடுவான், சோணையன் வெங்காயம் உரித்தான். கடைசியில் ராஜாவே கொட்டாவி விட்டான்.

"உன் கதை சப்பென்று ஆயிடுச்சு, மருதாயி! இன்றைக்கு எனக்கு நெஞ்சு படபடக்கணும். இல்லையென்றால் உன் பதவி கொற்றவேளுக்கு!"

கொடுத்த வரத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இவள்மேல் பாய்கிறான், பாருங்கள்! மருதாயிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் நிதானமாக ஆரம்பித்தாள்.

"பாழுங்கிணற்றுக்குள் ஒரு குழந்தை விழுந்துடுச்சு. நடுவில் ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்குது. வேர் அறுந்துகிட்டிருக்கு."

"குதிக்கிறேன்!"

"குறுகலான கிணறு, மன்னா. குதிச்சால் குழந்தைமேலேயே விழுவீர்கள்."

"அப்போ இடுப்பில் கயிறு கட்டி இறக்குங்கள்!"

"கட்டினோம். நழுவி விழுந்துடுச்சு. உங்கள் வரம்."

ராஜா திரும்பினான். "கொற்றவேள், நீ இறங்கு!"

"எனக்கும்... அதே வரம், மன்னா."

ராணி பதறி எழுந்தாள். "ஐயோ, குழந்தை! சோணையா, நீதான் ஒல்லி, நீ இறங்கேன்!"

"என் ஆளுக்கு ஒரு வரமும் இல்லைங்களே தாயி. கயிறு நிக்கும், ஆனா பகடை சரியா விழலைன்னா ரெண்டு பேரும் போயிடுவோம்" என்றான் சோணையன். வெங்காயக் கையைத் துடைத்துவிட்டுப் பகடையை எடுத்தான்.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி அவன் பக்கத்தில் வந்து குந்தினான். "பார்த்துப் போடுடா, என் அப்பனே!"

"பேசாமல் சோணையன் எப்படிப் போட்டாலும் ஜெயிப்பான்னு ஒரு வரம்..." என்று ஆரம்பித்தான் கொற்றவேள்.

"வாயை மூடு! உன் வரத்தால்தான் நான் மரம் மாதிரி நிக்கிறேன்!"

பகடை உருண்டது. பெரிய எண்! ராஜா சோணையனைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் வாசல் காவலர்கள் ஈட்டியோடு ஓடி வந்தார்கள். குழந்தையின் சிராய்ப்புக்கு மருந்து போட ராணிக்கும் ஒரு வழியாக வேலை வந்தது.

"மருதாயி, நெஞ்சு இன்னும் அடிக்குது! உன்னைப்போய் மிரட்டினேனே. எல்லா வரத்தையும் எடுத்துடு. பதவி உனக்குத்தான்" என்று தன் முத்துமாலையை அவளுக்குப் போட்டான். "கொற்றவேள், நாளை முதல் கதையில் நீ நம் மூட்டை சுமக்கும் கழுதை. பகடையும் கிடையாது."

மறுநாள் முதல் உருட்டலிலேயே வீரனைப் பாம்பு கடித்தது. ராஜா எல்லார் முகத்தையும் பார்த்தான். "ஒரே ஒரு சின்ன வரம்..."

"மூச்!" என்றது சபை. கழுதையும் சேர்ந்துதான்.