உபயம்: சிறுத்தை

ஆனைமடுக் காட்டுல ஒரு குளம். கரையில ஒரு மருதமரம். மரத்து மேல சடையாண்டின்னு ஒரு கருமூஞ்சிக் குரங்கு. மரத்தடியில மரிக்கொழுந்துன்னு ஒரு புள்ளிமானு, அவ கூட்டம், அப்புறம் நிக்கவே தெரியாத அவ குட்டி துள்ளு.

குரங்குக்கும் மானுக்கும் ஒரு ஒப்பந்தம். கையெழுத்தெல்லாம் கிடையாது, ரெண்டு பேருக்குமே எழுதத் தெரியாது! சடையாண்டி மேல உக்காந்து தளிரைக் கடிச்சுக்கிட்டே நாலு பக்கமும் பார்ப்பான். பாதி தின்னு பாதியைக் கீழ போடுவான். மானுங்க பொறுக்கித் தின்னும். புதர் லேசா அசைஞ்சா "கக்! கக்!"னு ஒரு கத்து. அடுத்த நிமிஷம் குளத்தங்கரை காலி!

இதனால வயிறு காஞ்சது சிறுத்தைக்குத்தான். அது நரி கருவாயனைக் கூப்பிட்டுச்சு.

"டேய் கருவாயா! அந்தக் குட்டி மானை நினைச்சாலே எச்சில் ஊறுதுடா. கிட்ட போனா மேல இருந்து அவன் கத்துறான்!"

"அண்ணே, உங்களுக்கு எதிரி குரங்கு இல்ல. குரங்கோட கண்ணு. அதைத் திருப்பிட்டாப் போதும்!"

"எப்படித் திருப்புவ? கழுத்தைப் புடிச்சா?"

"ச்சே, அதெல்லாம் பழைய ஸ்டைலு! அதுவாத் திரும்பும். திருப்பினது யாருன்னே தெரியாது!"

மழை முடிஞ்ச நேரம். எங்கேயோ மலைக்கு அந்தாண்டை இருந்து சோளக்குருவிங்க வந்து இறங்கியிருந்துச்சு. கறுப்புத் தலை, ரோஸ் கலர் முதுகு. சாயங்காலம் அடையப் போறதுக்கு முன்னாடி ஆயிரமாயிரமா சேர்ந்து வானத்துல ஒரு ஆட்டம் போடும். நரி அதுங்க தலைவி சிங்காரிகிட்ட போச்சு.

"தாயி! ஆடுறதே ஆடுறீங்க, ஒரு உருவமா ஆடுங்களேன்! சிறுத்தையண்ணன் அத்திமரத்தைக் காவல் காப்பாரு. ஒரு கரடி கிட்ட வராது. பழம் பூரா உங்களுக்கு!"

"அவருக்கு இதுல என்ன லாபம்?"

"கலைன்னா அவருக்கு உசுரு தாயி!"

சிங்காரி நம்பிட்டா. கலைஞருங்க இந்த ஒரு வார்த்தைக்கு எப்பவும் விழுந்துருவாங்க.

அன்னைக்கு சாயங்காலம் வானத்தைப் பார்க்கணுமே! செக்கச்செவேல்னு கிடந்த வானத்துல கறுப்பா ஒரு புகை எழும்புச்சு. புகை சுருண்டுச்சு, விரிஞ்சுச்சு, மீனாச்சு! குளத்தை விடப் பெரிய மீனு! வாலை ஆட்டுச்சு பாருங்க, கீழ தண்ணியே அலையடிச்ச மாதிரி இருந்துச்சு. கொக்கு ஒத்தக்கால்ல நின்னு பார்த்துச்சு, அந்த ஒத்தக்கால் இருக்கிறதையும் மறந்துச்சு. மீனு அப்படியே உருகி யானையாச்சு. யானை உடைஞ்சு தாமரையாச்சு. ஒவ்வொரு இதழும் தனியா விரியுது! அத்தனை றெக்கையும் ஒண்ணா திரும்புறப்போ கடல் மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். ஆமை கூட ஓட்டுக்குள்ள இருந்து கழுத்தை முழுசா நீட்டிருச்சு. அதுக்கு அவ்வளவு கழுத்து இருக்குன்னு அன்னைக்குத்தான் காட்டுக்கே தெரியும்.

ஒரே ஒரு ஆளு மட்டும் வானத்தைப் பார்க்கல. நரி! அது வானத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து, பார்க்கிறவங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. எதுக்கு எவன் வாயைப் பிளக்குறான்? எதுக்கு எவன் கொட்டாவி விடுறான்? எல்லாத்தையும் மனசுல போட்டுக்கிச்சு. மறுநாள் சிங்காரி காதுல ஓதிச்சு. கொக்குக்கு இன்னும் கொஞ்சம் மீனு. பன்னிக்குக் கிழங்கு. மானுங்களுக்குப் பச்சைப் புல்வெளி.

சடையாண்டி மட்டும் மசியல. ஒரு கண்ணு வானத்துல, ஒரு கண்ணு புதர்ல. மாம்பழம் காட்டினாங்க, சீண்டல. பலாப்பழம் காட்டினாங்க, முதுகைச் சொறிஞ்சான்.

நரி மண்டையை உடைச்சுக்கிச்சு. அப்புறம் பார்த்தா, சடையாண்டி குளத்துல தண்ணி குடிக்கிறப்போ தன் நிழலைப் பார்த்து மீசையைத் தடவிக்கிட்டு இருந்தான். நரி சிரிச்சுச்சு.

அன்னைக்கு வானத்துல ஒரு குரங்கு தாவுச்சு! மலையில இருந்து மலைக்கு! வாலு மட்டும் அரை வானம்!

"டேய்! அது நான்டா! அது நான்தான்டா!"னு சடையாண்டி கிளையில குதிச்சான். அத்தோட அவன் ரெண்டு கண்ணும் மேல போயிருச்சு.

மறுநாளும் அவன்தான். அதுக்கு மறுநாளும். மரிக்கொழுந்துக்குத்தான் மனசு கேக்கல. மேல இருந்து ஒரு இலை விழல. இலை விழலேன்னா குரங்கு தின்னல. தின்னலேன்னா பராக்குப் பார்க்குது!

"சடையாண்டியண்ணே! புதரைக் கொஞ்சம் பாருங்கண்ணே!"

"இரு தாயி! இப்பத்தான் பல்டி அடிக்கப் போறேன்!"

"நீங்க எங்கண்ணே அடிக்கிறீங்க? உக்காந்த இடத்தை விட்டு அசையல!"

"உனக்குப் பொறாமை!"

"என் புள்ள சின்னது அண்ணே..."

"அதையும் பார்க்கச் சொல்லு. பொது அறிவு வளரும்!"

நரி ஓடிப்போய் சிறுத்தைகிட்ட சொல்லுச்சு. "அண்ணே, நாளைக்குப் பாஞ்சிருங்க! கண்ணே இல்லாத காடா ஆக்கி வச்சிருக்கேன்!"

சிறுத்தை தலையை ஆட்டுச்சு. ஆனா அதுக்கு மனசுல ஒரு குடைச்சல். செலவு நம்மளோடது. காவல் நம்மளோடது. பேரு மட்டும் எங்க? கோயில்ல ஒரு டியூப் லைட் வாங்கிக் குடுக்கிறவரே, வெளிச்சம் மறைஞ்சாலும் பரவாயில்லன்னு 'உபயம்'னு பெருசா பேரு எழுதிக்கிறாரு! வானத்தையே வாங்கிக் குடுத்த நமக்கு இல்லையா?

நரிகிட்ட மூச்சு விடாம, காலையிலேயே சிங்காரிகிட்ட போயிருச்சு.

"அம்மா, இன்னைக்கு நம்ம உருவத்தையும் ஒண்ணு போட்ருங்க."

"ஐயோ, சோறு போட்ட மகராசன் நீங்க! கேக்கணுமா? எப்படிப் போடட்டும்?"

"பெருசா!"

சாயங்காலம். வானத்துல குரங்கு பல்டி அடிக்குது. காடே வாயைப் பிளந்து நிக்குது. துள்ளு இன்னும் நல்லாத் தெரியணும்னு ஒவ்வொரு அடியா நகர்ந்து, புதர் ஓரத்துக்கே போயிருச்சு. புதருக்குள்ள சிறுத்தை. வயிறு தரையில. பின்னங்கால் மடங்கிருச்சு. ஒரே பாய்ச்சல்தான் பாக்கி!

"துள்ளு! எங்கடி போன?"ன்னு மரிக்கொழுந்து கூப்பிட்டா. குட்டிக்குக் காதே கேக்கல.

அப்பதான் வானம் மாறுச்சு. குரங்கு கலைஞ்சுச்சு. குருவிங்க எல்லாம் ஒரு மூச்சு இழுத்துச்சு. மேற்குல இருந்து கிழக்கு வரைக்கும், முழு வானமும் ஒரே உருவம்! நாலு காலு. நீண்ட வாலு. சிவந்த வெளிச்சம் இடுக்கு வழியா வந்து உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா எரியுது!

சிறுத்தை!

சடையாண்டி கிளையை உலுக்கிக் கத்தினான். "கக்! கக்! கக்!"

காடே அதிர்ந்துச்சு. மானுங்க மின்னல் மாதிரி சிதறுச்சு. துள்ளு ஆத்தா வயித்துக்கு அடியில போய் விழுந்து, அவளோடயே பறந்துச்சு. குளத்தங்கரை காலி!

புதருக்குள்ள இருந்த சிறுத்தை மட்டும் பாயவே இல்ல. வாயைத் திறந்தபடி வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

நரி தலையில அடிச்சுக்கிச்சு. "அண்ணே! மூக்குக்கு முன்னாடி நின்ன குட்டியை விட்டுட்டீங்களேண்ணே!"

"எந்தக் குட்டி? அதை விடு. என் மீசையைப் பார்த்தியாடா? என்ன ஒரு கம்பீரம்!"

"பசிக்கலையா அண்ணே?"

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் சிறுத்தைக்கு வயிறு ஞாபகம் வந்துச்சு. மெதுவா வானத்துல இருந்து கண்ணை இறக்குச்சு. எதிர்ல நரி மட்டும்தான் நின்னுச்சு. நரி அன்னைக்கு எடுத்த ஓட்டம், காடு தாண்டித்தான் நின்னுச்சாம்.

வானத்துல தன் மூஞ்சியைத் தேடுறவன், தரையில இருக்கிற பொழப்பைக் கோட்டை விட்டுருவான்.