பூவலிங்கத்தின் இரண்டு முட்டிகள்

சாமி ஊர் ஊராகப் புத்தியை அளந்து கொடுத்த அன்றைக்கு வாகைவிளைக்காரர்கள் கபடி ஆடப் போயிருந்தார்களாம். சாமியும் பாவம், மீதியிருந்த தெம்பையெல்லாம் அவர்களுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்தத் தெம்பில் பெரும்பங்கு பூவலிங்கத்தின் வலது முட்டியோடு போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கபடியில் முறுக்கிக்கொண்ட முட்டி. அன்றிலிருந்து வாகைவிளை ஜெயித்ததே இல்லை. எதிரூர் அணியில் ஆடுகிறவன் வேறு யாருமில்லை, அவர் பெண்டாட்டியின் தம்பி மாடக்கண்ணு. வருஷா வருஷம் வந்து, "அத்தான், நீரு கோட்டுக்கு வெளிய உக்காந்து சர்பத் குடியும். கால் வலிக்கப் போவுது" என்பான். ஒரே ஒரு தடவை அவன் கண்ணெதிரே நொண்டாமல் நடந்து கோட்டுக்குள் இறங்கணும். பூவலிங்கம் அம்மனிடம் கேட்டது அவ்வளவுதான்.

கொடைக்கு நாற்பது நாள் இருக்கும்போது, அணியே திரண்டு அவரை வர்ம வைத்தியரிடம் கூட்டிப்போனது. வைத்தியர் முட்டியைத் தொட்டுப் பார்த்து மூன்று காரியம் சொன்னார். சூடு பொறுக்குமளவுக்கு ஒத்தடம். முதுகில் ஏறி மெதுவாக மிதிப்பது. அப்புறம் தைலம் போட்டுத் தடவல். "ரெண்டு முட்டியும் ஒண்ணுபோல ஆகிற வரைக்கும் விடாதீங்க."

சூடு பார்க்கும் பொறுப்பு கொல்லர் மாசானத்துக்கு. முப்பது வருஷம் உலையோடு பழகிய கை. ஒத்தடத் துணியைத் தொட்டுப் பார்த்து, நல்லாவே பொறுக்குது என்றார். பூவலிங்கம் போட்ட சத்தம் எதிரூர் வரை கேட்டது. தனக்குப் பொறுக்கவில்லை என்று அவர் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி பேச்சைக் கேட்டா வைத்தியம் பார்ப்பார்கள்?

மிதிப்பதிலும் குறை வைக்கவில்லை. அணியிலேயே கனத்த ஆளான தளவாய் முதுகில் ஏறி ஒரு காலை வைத்தார். மெதுவாக என்றாரே வைத்தியர்! மறுகாலை எடுத்து வைப்பதற்குள் அம்மனுக்கு உச்சிக்காலப் பூசையே முடிந்துவிட்டது. அவசரப்படாதேயும் என்று மேலேயிருந்து ஆறுதல் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடைக்கு ஐந்து நாள்தான். வலது முட்டி இம்மியும் இறங்கி வரவில்லை. அணி கூடி யோசித்தது.

"இது இடது முட்டி மாதிரி ஆகாதுவே," என்றார் மாசானம்.

"ரெண்டும் ஒண்ணுபோல ஆகணும்னுதான வைத்தியர் சொன்னாரு," என்றார் தளவாய். "வலது பிடிவாதக்காரன். இடதுகிட்ட பேசிப் பாப்போம். அது சொன்னபடி கேக்கும்."

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பன்னெண்டு வருசமா இது தோணாமப் போச்சே."

இடது முட்டி தங்கம். சுத்தியல் பிடித்த கையால் மாசானம் மூன்றே தடவல் தடவினார். இரண்டு முட்டியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிட்டன. பூவலிங்கம் எழுந்து நடந்தார். ஒரு பக்கம் சாய்ந்தால்தானே நொண்டல்? அவர் இரண்டு பக்கமும் சரிசமமாகச் சாய்ந்தார், முட்டையிடப் போகிற வாத்து மாதிரி. அந்த நடையைப் பார்த்து மற்ற ஆறு பேருக்கும் ஏக்கம் வந்துவிட்டது. அணி என்றால் ஒன்றுபோல இருக்க வேண்டாமா? மாசானம் தன் முட்டி உட்பட எல்லார் முட்டியிலும் தடவித் தைலக் குப்பியைக் காலி செய்தார்.

கொடையன்று ஏழு வாத்துகளும் வரிசையாகக் கோட்டுக்குள் இறங்கின. மாடக்கண்ணு முதலில் பாடி வந்தான். அத்தான் எதிரே நடந்து வந்த அழகைப் பார்த்ததும் சிரிப்பில் பாட்டு அறுந்தது. அவுட். அடுத்தவனும் அப்படியே. வாகைவிளை பாடிப் போனபோது, இவர்களைப் பிடிக்க வேண்டியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் அவுட்.

பூவலிங்கம் மச்சினன் கையில் சர்பத் தம்ளரைக் கொடுத்து, "குடிலே. வயிறு வலிக்கப் போவுது" என்றார்.

மறுநாள் காலையில் வைத்தியர் கதவைத் திறந்தார். மாடக்கண்ணுவும் அவன் அணியும், உலக்கை போட்டாலும் அசையாத பதினாலு முட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"வாகைவிளைக்குப் பண்ணின வைத்தியத்தையே எங்களுக்கும் பண்ணும் அண்ணாச்சி," என்றான் மாடக்கண்ணு. "ஒரு தடவல் கூடுதலா."