பிறந்தநாளில் படுக்காத தளம்

கொன்றையூர் அரண்மனையில் முரசும் உண்டு, வைஃபையும் உண்டு. அது எந்தக் காலம் என்று கேட்டால் கதை நகராது. மன்னர் விசித்திரவர்மருக்கு ஓர் இணையதளம் இருந்தது. அவருடைய பிறந்தநாளன்று காலை ஒன்பது மணிக்கு, வீட்டுக்கு ஒருவர் அதில் நுழைந்து லட்டு டோக்கன் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு மந்திரி தர்மாங்கதர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, தளத்தை என் மச்சினன் கம்பெனியின் சர்வருக்கு மாற்றிவிடலாம். இப்போது கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குதான் கேட்கிறான். இடமோ எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறான்."

தளத்தைக் கவனித்துவந்த சடையாண்டி பதறினான். "இடம் இருக்கட்டும் மந்திரியாரே. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம்?"

"நூறு பேர்."

"ஊரில் முப்பதாயிரம் வீடு!"

"வேலை தெரிந்தவன் சமாளிப்பான்," என்றார் மந்திரி, மீசைக்குள் சிரித்தபடி. சடையாண்டியின் வேலையும் மச்சினனுக்குத்தான் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

மலிவு என்றதற்குப் பிறகு மன்னர் காதில் வேறு எதுவும் விழவில்லை. "மாற்றுங்கள். சடையாண்டி, அன்றைக்குத் தளம் படுத்தால் நீ மூட்டையைக் கட்டிக்கொள். நாட்டிலேயே இருக்கக் கூடாது."

பிறந்தநாள் வந்தது. சபை நடுவே பெரிய திரை. மணி ஒன்பது. மந்திரி ஆசையோடு திரையையே பார்த்தார். தளம் படுக்காமல் நின்றது. ஒன்பதரை. நின்றது. பத்து மணிக்கும் பாறை மாதிரி நின்றது.

மந்திரி சட்டென்று கட்சி மாறினார். "பார்த்தீர்களா மகாராஜா! என் மச்சினன் கம்பெனி!"

மன்னர் பூரித்துப்போய் முத்துமாலையைக் கழற்றினார். "நாடே திரண்டு வந்தும் அசையவில்லையே! மாலை உமக்குத்தான். இனி எல்லா வருஷமும் இதே கம்பெனி."

சடையாண்டி மனதுக்குள் கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

"மகாராஜா, நாடு திரண்டு வரவில்லை. மொத்தம் பதினோரு பேர்தான் வந்தார்கள்."

"ஏன்? லட்டு கசக்கிறதா?"

"நேற்று ஊரெல்லாம் தண்டோரா போட்டேன். அரண்மனைத் தெருவை மட்டும் விட்டுவிட்டேன். மகாராஜா தாமே இயற்றி, தாமே பாடிய முந்நூறு செய்யுளையும் தளத்தில் கேட்டு முடிப்பவர்களுக்குத்தான் டோக்கன் என்று."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"அந்தப் பதினோரு பேர்?" மன்னரின் குரல் இறங்கியிருந்தது. "அவர்களாவது முந்நூறையும் கேட்டார்களா?"

"முந்நூறையும் நான் போடவே இல்லை, மகாராஜா. முதல் செய்யுளை மட்டும்தான் போட்டேன். அந்தப் பதினோரு பேரையும் விரட்ட அதுவே போதுமாக இருந்தது."

மன்னர் அவனை வெறித்துப் பார்த்தார். முதலில் தொந்தி குலுங்கியது. பிறகு சிம்மாசனமே குலுங்கியது. மந்திரியின் கழுத்தருகே போயிருந்த மாலை, திரும்பி வந்து சடையாண்டியின் கழுத்தில் விழுந்தது.

"லட்டை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொடுங்கள். தளம் பழைய கம்பெனிக்கே போகட்டும்."

"என் மச்சினன்?" என்று முனகினார் மந்திரி.

"அவனிடம் என் செய்யுள்களை எல்லாம் ஏற்றிவையும். இடம்தான் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறானே! கூட்டமும் வராது. எந்தக் காலத்திலும் படுக்காது."