முதல் கம்பி

“எவ்வளவு முறுக்கினா அறும், மிஸ்?” என்று கேட்டாள் பெனிட்டா.

கிட்டார் சொல்லிக்கொடுக்க வரும் மிஸ் இன்பன்டாவுக்குப் பத்தொன்பது வயது. பெனிட்டாவை விட எட்டு வயது இளையவள். ஆனாலும் கான்வென்ட் பழக்கம், சொல்லிக்கொடுப்பவர் யாரானாலும் அவளுக்கு மிஸ்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பெனிட்டாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. பிழைத்தால் கோயிலில் நானே கிட்டார் வாசிக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்.

ஐந்து கம்பிகள் சுருதியில் நின்றன. மெல்லிய முதல் கம்பியை மட்டும் அவள் ஒருநாளும் முழுதாக முறுக்கியதில்லை. போனில் சுருதி காட்டும் முள் நடுவுக்கு வருமுன்பே விரல் முறுக்குச் சாவியை விட்டுவிடும். அறுந்து தொட்டிலுக்குள் தெறித்தால்?

“சுருதி கீழேயே நிக்குது அக்கா. கீபோர்டோட சேர்ந்தா ஒப்பாரி மாதிரி இருக்கும்.”

“கொஞ்சம்தானே மிஸ்.”

“அந்தக் கொஞ்சம்தான் கோயில் முழுக்கக் கேக்கும்.”

இன்பன்டா கிட்டாரை வாங்கிச் சாவியைத் திருகினாள். முள் நடுவில் நின்றது.

“இது ஈ சுரம். இதுதான் நமக்கு வேணும்.”

ஆனால் கை நிற்கவில்லை.

“இது எஃப்.”

“போதும் மிஸ்.”

“ஜி. கம்பி இன்னும் அறல, பாருங்க.”

பெனிட்டா ஓடிப்போய்த் தொட்டிலை முதுகால் மறைத்தாள். ஏ-யைத் தொட்டதும் கம்பி பட்டென்று அறுந்தது. சுருண்டு கிட்டார் மேலேயே விழுந்தது.

சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. பெனிட்டா அள்ளி எடுத்தாள். அழுகை கூடியது.

“மாத்துக் கம்பி கொண்டாந்திருக்கேன்” என்றாள் இன்பன்டா, பையைத் திறந்தபடி.

“கம்பிக்கு மாத்து இருக்கு. இவளுக்கு இல்லையே மிஸ்.” பெனிட்டா மெல்ல ஆட்டிப் பார்த்தாள். “நான் தூக்கினா மட்டும் ஏன் இப்படி அழுறா?”

இன்பன்டா அவள் கைகளைப் பார்த்தாள்.

“விரல் நுனியில வச்சிருக்கீங்க. விழுந்துருவோமோன்னு இருக்கும்ல அவளுக்கு.”

பெனிட்டா குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் இறுக்கி. விம்மல் மெல்ல அடங்கியது.

புதுக் கம்பியை மாட்டி, இன்பன்டா கிட்டாரை அவள் பக்கம் நீட்டினாள். ஒரு கையில் பிள்ளை. மறு கையால் பெனிட்டா சாவியைத் திருகினாள். முள் நடுவை நெருங்கியதும் விரல் நின்றது.

“அறுந்துட்டா, மிஸ்?”

“எங்க அறும்னு இப்பத்தானே பாத்தீங்க. இங்க இல்ல.”