குற்றாலம் போன பஸ்

மூன்று மணிக்கு கம்ப்யூட்டர் லேபுக்கு சார் வருவார். திரையில் பஸ் ஓடினால்தான் மார்க். மெர்லினும் ஹமீதும் இரண்டு வாரம் முதுகொடிய உட்கார்ந்து செய்த பஸ் அது. ஓட ஓடவே திருத்தலாம் என்பதுதான் அந்த மென்பொருளின் பெருமை. அதனால் அதை ஒருநாளும் யாரும் மூடியதில்லை. இன்று திரை வெள்ளையாக இருந்தது. காலையில் அதைத் தொட்டவன் மூன்றாம் கூட்டாளி இசக்கிமுத்து.

பஸ் எங்கே என்று மெர்லின் கேட்டாள். நேராகப் பதில் சொன்னால் அவன் இசக்கிமுத்துவே இல்லை.

"இதுல எல்லாமே ஆள் மாதிரி, கேட்டியா. சேதி அனுப்பினா செய்யும். ஓடும்போதே நாலு சக்கரத்தையும் கழட்டி மாத்தினேன். உள்ள ஒரு பயணிக்கும் தூக்கம் கலையல."

பயணிகளை நாம் வரையவே இல்லையே என்றான் ஹமீது. வழியில் ஏற்றிக்கொண்டதாகச் சொல்லிவிட்டு இசக்கி கதையைத் தொடர்ந்தான். பஸ்ஸிடம், உன்னைப் போல இன்னொன்று பெற்றுப்போடு என்றானாம். ஐந்நூறு பஸ் வந்து நின்றதாம். அந்த நெரிசலில் மவுஸ் அம்பு ரோட்டைக் கடக்க முடியாமல் அரைமணி நேரம் ஓரமாகவே நின்றதாம். பிறகு ஐந்நூறும் வேலைநிறுத்தம். எந்தச் சேதி அனுப்பினாலும், 'எனக்குப் புரியவில்லை' என்று ஒரே குரலில் பதில்.

"கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான்," என்றான் ஹமீது.

"நம்பாட்டா போ. நானூத்தித் தொண்ணூத்தொம்பதச் சமாதானம் பண்ணி அனுப்பிட்டேன். நம்ம பஸ்ஸுக்கு மட்டும் ரோசம். வயர் வழியா எறங்கி, ஆலங்குளத்துல டீசல் போட்டுக்கிட்டு குற்றாலம் போயிட்டுது. அருவி சீசன்லா."

மெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைத் திரையைக் காட்டிக் கேட்டாள்.

"மூடும்போது, சேமிக்கவான்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

காலையிலிருந்து முதல்முறையாக இசக்கி நேராகப் பதில் சொன்னான்.

"வேண்டாம்னுட்டேன். அதான் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்குல்லா."

அவனை அறையலாம் போல் இருந்தது அவளுக்கு. ஆனால் இரண்டு வாரத்தில் அவளும் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. அந்த நினைப்புத்தான் அதிகம் சுட்டது.

சார் உள்ளே வந்தார். பஸ் எங்கே என்றார்.

"குற்றாலத்துக்குப் போயிருக்கு சார். டிரைவர் இவன்தான், இவன்கிட்டயே கேளுங்க," என்றாள் மெர்லின்.

சார் வெள்ளைத் திரையைப் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"சரி. உங்க மூணு பேர் மார்க்கும் அந்த பஸ்லதான் இருக்கு. திரும்பி வந்ததும் எறக்கிக்கிடுங்க."