சரிவில் ஒரு குளிர்ப்பெட்டி, நிழலில் ஒரு குளிர்ப்பெட்டி

மலையடிவாரத்துச் சுனைக்கரையில் இரண்டு வீட்டுவண்டிகள் நின்றிருந்தன. படுக்கையும் அடுப்பும் சன்னலும் அமைத்து, சக்கரத்தின் மேல் கட்டிய சிறு வீடுகள் அவை. ஒன்று நெடுங்கோடன் என்னும் வரையாட்டுக்குச் சொந்தம். மற்றொன்று செவ்வாலி என்னும் மலையணிலுக்குச் சொந்தம். அந்தக் காட்டு விலங்குகள் வண்டியிலேயே குடியிருந்து, வண்டியிலேயே மலை சுற்றப் பழகியிருந்தன.

இரண்டு வண்டிகளிலும் குளிர்ப்பெட்டி உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வகை அல்ல. சண்டை அங்கேதான் தொடங்கியது.

நெடுங்கோடனின் பெட்டி எரிவாயுவில் ஓடுவது. அதன் பின்புறத்தில் ஒரு சிறு நீலச் சுடர் எரியும். அச்சுடரின் வெப்பமே உள்ளே குளிரைப் பிறப்பிக்கும். நெருப்பை மூட்டிக் குளிரை எடுக்கும் அந்த விந்தையை நினைக்குந்தோறும் நெடுங்கோடனின் மார்பு நிமிரும். வழியில் யாரைக் கண்டு பேசினாலும், மழையில் தொடங்கும் பேச்சு எரிவாயுவில்தான் முடியும். ஆதலால் காடு முழுவதும் அதற்குக் 'கேஸ் அண்ணாச்சி' என்றே பெயர். அப்பெயரைக் கேட்டால் அதற்கு உச்சி குளிரும்.

செவ்வாலியின் பெட்டி பேட்டரியில் ஓடுவது. வண்டிக் கூரையில் சூரியத் தகடு ஒன்று பதித்திருந்தது. தகடு வெயிலைக் குடிக்கும், பேட்டரி நிறையும், பெட்டி 'உர்ர்' என்று உறுமிக்கொண்டு குளிரும்.

"என்ன தங்கச்சி, உன் பெட்டி பட்டப்பகலில் குறட்டை விடுகிறதே! என் பெட்டியைப் பார். வேலை செய்வதே வெளியில் தெரியாது. அத்தனை அடக்கம்!" என்று சீண்டும் நெடுங்கோடன்.

"அடக்கமா? வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறீர்கள், அண்ணாச்சி! எனக்குத் தீயும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். மேலே சூரியன் இருக்கிறான், போதும்!"

"சூரியன் ஒளிந்துகொண்டால்?"

"சிலிண்டர் தீர்ந்துபோனால்?"

இப்படியே பொழுது போகும். உண்மையைச் சொன்னால் இரண்டும் அருமையான பெட்டிகளே. ஒன்றை மெச்சுவதற்கு மற்றொன்றைத் தாழ்த்த வேண்டிய தேவையே இல்லை. ஆயினும் அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை!

ஒரு நாள், வாயில் நுரை தள்ள, கருங்கொம்பி என்னும் காட்டுமாடு சுனைக்கரைக்கு ஓடி வந்தது. அதன் முதுகில் முள்ளம்பன்றி வைத்தியர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில், ஈரப்பாசியில் பொதிந்த மருந்துக் குப்பிகள் இருந்தன.

"அண்ணாச்சி! தங்கச்சி! அடுத்த பள்ளத்தாக்கில் கோமாரி புகுந்துவிட்டது!" என்று கதறியது கருங்கொம்பி. "என் கன்றுக்கு இன்னும் கொம்புகூட முளைக்கவில்லை. நோய் எங்கள் மேட்டுப் பள்ளத்தாக்கை எட்டுமுன் ஊசி போட்டாக வேண்டும். மருந்து இதோ இருக்கிறது. மலையேறும்வரை அதைக் குளிரக் குளிரக் காப்பாற்ற எனக்கு வழியில்லை!"

வைத்தியர் ஒரு குப்பியைத் தூக்கிக் காட்டினார். "இந்த வெள்ளைப் பொட்டைக் கவனியுங்கள். மருந்து சூடுபடச் சூடுபட இது கறுத்துக்கொண்டே வரும். முழுவதும் கறுத்துவிட்டால் இது மருந்தல்ல, வெறுந்தண்ணீர். என்னிடம் வேறு குப்பி கிடையாது. நான் குறுக்கு வழியில் முன்னால் போய்க் கன்றுகளைக் கூட்டி வைக்கிறேன்."

"என் பெட்டியில் வையுங்கள்!" என்றது நெடுங்கோடன்.

"என் பெட்டியில்!" என்றது செவ்வாலி.

"அம்மாடி, உங்கள் சண்டை எனக்கு வேண்டாம்!" என்று கருங்கொம்பி குப்பிகளைச் சரிபாதியாகப் பிரித்தது. "பாதி இதில், பாதி அதில். யார் பாதி பிழைத்தாலும் என் பிள்ளை பிழைக்கும்."

வண்டிகள் மலையேறின. கருங்கொம்பி இரண்டுக்கும் இடையில் நடந்தது. பாதி மலை ஏறியபோது மாலையாயிற்று, எஞ்சின்களும் கொதித்துப்போயின. அவற்றை நன்றாக ஆறவிட்டு, மறுநாள் நடுப்பகலுக்குமேல் புறப்படுவதென்று முடிவாயிற்று.

நெடுங்கோடன் தன் வண்டியை ஒரு செங்குத்தான புல்வெளிச் சரிவில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியது. கீழே தட்டையான சோலைத் தரை இருந்தது. ஆனால் அங்கே நின்றால் புதருக்குப் புதர் சிறுத்தை பதுங்கியிருப்பதாகவே அதற்குத் தோன்றும். சரிவில் நின்றால்தான் வரையாட்டுக்கு மூச்சே வரும்!

செவ்வாலியோ அந்தச் சோலைக்குள்தான் வண்டியை விட்டது. மரத்தின்மேல் மரம் கவிந்து, பகலிலும் ஒரு சொட்டு வெயில் விழாத இடம் அது. அணிலுக்கு வெட்டவெளி ஆகாது. தலைக்குமேல் வானம் தெரிந்தால், வானத்தில் பருந்தும் தெரியும் அல்லவா?

மறுநாள் முற்பகல். நெடுங்கோடன் புல் மேய்ந்துகொண்டே தன் பெட்டியின் பின்புறத்தை எட்டிப் பார்த்தது. நீலச் சுடர் அழகாக எரிந்துகொண்டிருந்தது. 'சத்தமும் இல்லை, சலனமும் இல்லை. பெட்டி என்றால் இதுவல்லவோ பெட்டி!' என்று மெச்சிக்கொண்டது. கதவைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

அப்போது செவ்வாலி குப்பிகளை மார்போடு அணைத்துக்கொண்டு சரிவில் பாய்ந்து வந்தது. வானத்தைப் பார்ப்பதும் ஓடுவதுமாக வந்து வண்டிக்குள் விழுந்தது.

"நின்றுவிட்டது, அண்ணாச்சி! உறுமல் நின்றுவிட்டது! நிழலில் நின்ற தகடு வெயிலையே பார்க்கவில்லை. பேட்டரி காலி! உங்களைக் கேலி பேசிய வாய்தான் இது. ஆனாலும் கேட்கிறேன். என் பங்கு மருந்தையும் உங்கள் பெட்டியில் வையுங்கள்!"

நெடுங்கோடனுக்கு உள்ளூரத் தேன் குடித்ததுபோல் இருந்தது. "பார்த்தாயா தங்கச்சி! குறட்டை விடுகிறவனை நம்பினால் இப்படித்தான். கொண்டு வா!" என்று கதவைத் திறந்தது.

உள்ளே குளிர் இல்லை!

நெடுங்கோடன் கையை இன்னும் உள்ளே விட்டது. வெயிலில் காய்ந்த புல்லைத் தொட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. அவசர அவசரமாகக் குப்பியை எடுத்துப் பார்த்தது. வெள்ளைப் பொட்டு சாம்பல் நிறமாகியிருந்தது.

"சுடர் எரிகிறதே! எப்படி நின்றது?" என்று அது திகைத்தது.

செவ்வாலி கையிலிருந்த குப்பிகளைத் தரையில் வைக்கக் குனிந்தது. அதன் மடியிலிருந்த நெல்லிக்காய் ஒன்று நழுவி விழுந்தது. விழுந்த காய் நிற்காமல் உருண்டு, வாசற்படியைத் தாண்டி, சரிவில் குதித்துக் குதித்து மறைந்தது.

நெடுங்கோடன் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பெட்டியைப் பொருத்திக் கொடுத்த கரடி அன்றே சொல்லியிருந்தது. 'அண்ணாச்சி, வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இதற்குள் ஓடும் திரவம் தானாகவே வழிந்து இறங்க வேண்டும். வண்டி சாய்ந்தால் திரவம் தேங்கிவிடும். தீ எரிந்தும் பயனில்லை.' அதற்கு நெடுங்கோடன், 'எனக்குச் சமதரை என்றால் சரிவுதான் ஐயா!' என்று சொல்லி, கரடியும் சேர்ந்து சிரிக்கும்படி சிரித்திருந்தது.

கருங்கொம்பி வாசலில் தலையை நீட்டியது. குப்பிகளைக் கண்டதும் அதன் கண்கள் கலங்கின. "கறுக்கிறதே அண்ணாச்சி... என் பிள்ளை..." என்றது.

"நீங்கள் கீழே சமதரைக்கு இறங்குங்கள்!" என்று கத்தியது செவ்வாலி.

"சிறுத்தைக்கு விருந்தாகவா? நீ மேலே வெயிலுக்கு வாயேன்!"

"பருந்துக்குப் பலகாரமாகவா?"

நெடுங்கோடன் தன் கால்களைக் குனிந்து பார்த்தது. சரிவில் பிறந்த கால்கள். அவற்றை மாற்ற முடியாது. நிழலில் பிறந்த அணிலின் கண்களையும் மாற்ற முடியாது. ஆனால்...

ஆனால் பெட்டியை மாற்றலாம். அதில் ஒரே ஒரு சங்கடம்தான். எரிவாயுப் பெட்டி போனால், கேஸ் அண்ணாச்சி என்னும் பெயரும் அதனோடு போய்விடும். காடு கைகொட்டிச் சிரிக்கும். நெடுங்கோடன் கருங்கொம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு எரிவாயுவை மூடியது, சுடரை அணைத்தது, குழாயைக் கழற்றியது.

"தங்கச்சி, நாம் இடம் மாற வேண்டாம். பெட்டிகள் இடம் மாறட்டும். சரிவும் வெயிலும் உன் பெட்டிக்கு ஏற்றவை. நிழலும் சமதரையும் என் பெட்டிக்கு ஏற்றவை. இத்தனை நாளும் நாம் பெட்டிகளை மாற்றி வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறோம்!"

"அண்ணாச்சி! உங்கள் எரிவாயுப் பெட்டியையா கொடுக்கிறீர்கள்?"

"நான் மனம் மாறுவதற்குள் தூக்கு!"

கருங்கொம்பி பாறைபோன்ற தன் முதுகைக் கொடுத்தது. எரிவாயுப் பெட்டியும் சிலிண்டரும் சோலைக்கு இறங்கின. பேட்டரிப் பெட்டியும் சூரியத் தகடும் சரிவுக்கு ஏறின. அதுவரை குப்பிகள் ஈரப்பாசிக்குள் காத்திருந்தன.

புல்வெளி வெயிலில் தகடு ஆவலோடு வாய்வைத்துக் குடித்தது. 'உர்ர்' என்று உறுமல் எழுந்தது. என்ன வேகம்! சற்று நேரத்தில் பெட்டிக்குள் கை வைத்தால் சில்லென்றிருந்தது. வண்டி எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அந்தப் பெட்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. நெடுங்கோடன் வியந்துபோயிற்று. தான் நாள்தோறும் கேலி செய்த உறுமலைக் காதைச் சாய்த்துக் கேட்டது. 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே' என்று அது சொல்வதுபோல் இருந்தது. குப்பிகள் அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் புகுந்தன. பொட்டு மேலும் கறுக்காமல் சாம்பல் நிறத்திலேயே நின்றது.

செவ்வாலி சோலைப் பாதையில் முன்னே சென்று, மலையுச்சியின் தட்டையான மரக்கூட்டத்தில் வண்டியை நிறுத்திச் சுடரை ஏற்றியது. எரிவாயுப் பெட்டி நிதானமாகத்தான் குளிர்ந்தது. ஆனால் குளிர்ந்தபின் அசையவில்லை.

அது நல்லதாயிற்று. நெடுங்கோடன் உச்சியை எட்டிய வேளையில் மூடுபனி மலையை விழுங்கிவிட்டது. மறுநாளும் வெயில் தலைகாட்டவில்லை. பேட்டரிப் பெட்டியின் உறுமல் மெலியத் தொடங்கியது.

"இனி உன் பொறுப்பு, தங்கச்சி!" என்று குப்பிகளைச் செவ்வாலியிடம் கொடுத்தது நெடுங்கோடன். பனி விலகும்வரை அந்த நீலச் சுடர் மருந்தைக் காத்தது. எரிவாயுப் பெட்டியின் பெருமை, அது தன் கையைவிட்டுப் போனபின்தான் நெடுங்கோடனுக்கு முழுதாக விளங்கியது.

பனி விலகியது, வண்டிகள் மேட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கின. முள்ளம்பன்றி வைத்தியர் ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொட்டு முழுதாகக் கறுத்திருக்கவில்லை.

"மருந்து உயிரோடு இருக்கிறது!" என்றார்.

ஊசி விழுந்ததும் கருங்கொம்பியின் கன்று, "அம்மா!" என்று அலறி, வாலைத் தூக்கிக்கொண்டு, வைத்தியரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே புல்வெளியெல்லாம் ஓடியது. கருங்கொம்பி அழுதது, சிரித்தது, இரண்டு வண்டிகளையும் நாக்கால் நக்கிக் கொடுத்தது. பின்னர் கோமாரி அந்தப் பள்ளத்தாக்குக்கும் வரத்தான் செய்தது. ஆனால் ஒரு கன்றையும் அதனால் தொட முடியவில்லை.

திரும்பும் வழியில் கரடி எதிர்ப்பட்டது. நெடுங்கோடனின் வண்டியிலிருந்து வந்த உறுமலைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தது.

"என்ன கேஸ் அண்ணாச்சி! உங்கள் பெட்டியும் குறட்டை விடத் தொடங்கிவிட்டதே!"

நெடுங்கோடன் செங்குத்தான பாறைமேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டது.

"ஆமாம் ஐயா. அது குறட்டை விட்டால்தான் இப்போது எனக்குத் தூக்கம் வருகிறது!"

எந்தக் கருவி உயர்ந்தது என்று வாதாடிப் பெயர் வாங்குவதைவிட, தான் நிற்கும் இடத்துக்கு எது உதவும் என்று பார்த்து, தன் பெருமையையும் இறக்கி வைக்கத் துணிவதே அறிவுடையோர்க்கு அழகு.