பூசணியின் வயிறு

காட்டுக் குளத்தின் கரையில் செவலை என்ற நாய் நாலு குட்டி போட்டது. மூன்று செத்துப்போயின. அவற்றைப் புங்க மரத்தடியில் புதைத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றுக்குப் பூசணி என்று பெயர் வைத்துக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தது.

பெயருக்கேற்ற வயிறு. விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு மட்டும் பானை மாதிரி. தண்ணீர் குடிக்க வரும் நரி தினமும் அதைப் பார்த்து, இப்படிக் கொழுகொழு குட்டி இந்தக் காட்டிலேயே இல்லை என்று சொல்லும். செவலைக்கு உச்சி குளிர்ந்துவிடும். செத்த மூன்றுக்கும் இதே வயிறுதான் என்பதை அது நினைத்தே பார்க்கவில்லை.

குட்டி கழிந்ததைத் தாய் நாய் நக்கித் துடைப்பது வழக்கம். செவலை அதில் படு கெட்டி. கழிவில் நெளிந்ததை அது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது. மற்ற யார் கண்ணிலும் படவிடவில்லை.

ஒரு நாள் காலையில், எல்லாரும் கூடியிருக்கும் நேரம், பூசணி குளக்கரையிலேயே வாந்தி எடுத்தது. வெள்ளை நூல் போல இரண்டு நெளிந்தன. செவலை சட்டென்று காலை வைத்து மறைத்தது.

"கோரை வேர். கண்டதையும் தின்னுட்டு வர்றான்."

மேய்ந்துகொண்டிருந்த மயிலி என்ற வெள்ளாடு தலையைத் தூக்கியது. "வேர் நெளியாது, செவலை. அது பூச்சி. வயித்துல இருக்கறது கொழுப்பு இல்ல."

செவலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளைக்குப் பூச்சியா, முதலில் உன் தாடியைப் போய்க் கழுவு என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் பூசணி எழுந்திருக்கவில்லை. ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்தது. நரி அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் புதரோரம் உட்கார்ந்திருந்தது. செவலை மானத்தைப் பார்க்காமல் மயிலியிடம் ஓடியது.

மயிலி வேப்பங்கொழுந்தை மென்று இரண்டு பங்காக வைத்தது. ஒன்று குட்டிக்கு, ஒன்று தாய்க்கு. அவன் கழிந்ததை இனி நக்காதே, தள்ளிப் போய்ப் புதை என்றும் சொன்னது.

செவலை குட்டிக்கு ஊட்டியது. தன் பங்கைக் குளத்தில் போட்டது. கல்லு மாதிரி இருக்கும் எனக்கு எதற்கு மருந்து? நக்குவதையும் விடவில்லை. தினமும் குழி தோண்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

பூச்சி விழுந்தது. குட்டி துள்ளியது. பதினைந்தாம் நாள் வயிறு மறுபடி பானையானது. நரி முன்னைவிட நெருங்கி உட்கார்ந்து பாராட்டியது. அப்போதுதான், பாராட்டுகிற வாயில் எச்சில் ஊறுவதைச் செவலை பார்த்தது. செத்த மூன்றையும் புதைத்த புங்க மரத்தடி மண் கிளறிக் கிடந்ததும் அப்போதுதான் அதற்கு உறைத்தது. மறுபடி மயிலியிடம் ஓடியது.

"உன் பங்கைச் சாப்பிட்டியா?" என்று கேட்டது மயிலி. செவலை குளத்துப் பக்கம் பார்த்தது.

"பூச்சி உன் பால்ல இருந்துதான் அவனுக்குப் போகுது."

செவலை குளக்கரையில் எல்லார் முன்னாலும் கொழுந்தை மென்றது. கசப்பு மண்டைக்கு ஏறியது. பூசணிக்கும் ஊட்டியது. குழியும் தோண்டியது. யாரும் சிரிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

ஒரு மாதம் போனது. வயிறு வற்றி, விலாவில் சதை பிடித்தது. நரி வந்து பார்த்தது.

"அடடா, குட்டி இளைச்சுப்போச்சே!"

"இல்ல. இப்பதான் அவன் சோத்தை அவனே திங்கறான்" என்றது செவலை.

நரி அதன் பிறகு வேறு குளத்தில் தண்ணீர் குடித்தது.

தன் குறையை ஊருக்கு மறைக்கிறவர், அந்தக் குறைக்குத் தன் பிள்ளையையே இரையாகக் கொடுக்கிறார்.